எதிராளிக்கு எழுந்து நின்ற ராத்திரி

மைதானங்களின் கதை – 14

அந்தக் கைத்தட்டலை நான் கேட்கவில்லை, பார்த்தேன்.

2003 ஏப்ரல் 23. மான்செஸ்டரில் இரவு ஆட்டம். நம் கடிகாரப்படி மறுநாள் பிறந்து கால் மணி நேரம் கழித்துத்தான் பந்தே நகர்ந்தது. வீட்டில் எல்லோரும் தூக்கம். டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரைக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தேன். 67-ஆவது நிமிடத்தில் கோட்டோரம் பலகை உயர்ந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பிரேசில்காரர் ஒருவர், கொஞ்சம் சதை போட்ட உடம்பு, அவசரமே இல்லாமல் வெளியே நடக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் தெரிந்த ஸ்டாண்டில் கூட்டம் எழுந்து நின்றது. திட்டத்தான் எழுகிறார்கள் என்று நினைத்தேன். திட்டக் காரணமும் இருந்தது. அன்றைக்கு அவர்கள் வலைக்குள் விழுந்திருந்த மூன்று பந்துகளும் அந்த மனிதர் அடித்தவை. கேமரா கொஞ்சம் நெருங்கியபோதுதான் கைகள் தெரிந்தன. சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிய பெரியவர்கள், மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைகள், வரிசை வரிசையாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ரொனால்டோ. மைதானம் ஓல்டு டிராஃபோர்டு. அன்று அங்கே இருந்தவர்கள் 66,708 பேர்.

எதிரணிக்காரனுக்குக் கை தட்டுவதைப் பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த மைதானத்தின் பழைய கதையைத் தோண்டத் தோண்ட, அந்த ராத்திரிக்குப் பின்னால் நாற்பத்தாறு வருஷத்துக் கொடுக்கல் வாங்கல் ஒன்று இருப்பது தெரிந்தது. அதுவும் ஒரே ஒரு வெளியூர் அணியோடு. எத்தனையோ அணிகள் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்து போயிருக்கின்றன. மாட்ரிட்டிலிருந்து வரும் வெள்ளைச் சட்டைக்கு மட்டும் அங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

அந்த மைதானம் திறந்தது 1910 பிப்ரவரி 19-ஆம் தேதி. முதல் ஆட்டத்திலேயே வந்த விருந்தாளி, லிவர்பூல், 4–3 என்று ஜெயித்துவிட்டுப் போனது. சகுனம் பார்க்கிறவர்கள் அன்றைக்கே பூட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே டிராஃபோர்டு பார்க் தொழிற்பேட்டை, கப்பல் கால்வாய். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்கள் தேடி வந்தது அவற்றைத்தான். 1941 மார்ச் 11 இரவு குண்டுகள் மைதானத்தின் மேலேயும் விழுந்தன. பெரிய ஸ்டாண்டு போயிற்று. 1949 ஆகஸ்ட் வரைக்கும் மான்செஸ்டர் யுனைடெட் தன் சொந்த ஆட்டங்களை ஊரின் இன்னொரு அணியான மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில், வாடகைக்கு ஆடியது. பங்காளி வீட்டுத் திண்ணையில் எட்டு வருஷம் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திரும்பி வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. மின்விளக்கு கிடையாது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் வார நாளில், இரவில் நடப்பவை. அந்தக் கோப்பைக்குப் போவதையே இங்கிலாந்து லீக் நிர்வாகம் விரும்பவில்லை. 1955-இல் சாம்பியனான செல்சியைப் போகாதே என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். மறு வருஷம் யுனைடெட் மேனேஜர் மேட் பஸ்பி அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. போனார். போனதற்கு விளக்கு வேண்டுமே? மறுபடியும் மெய்ன் ரோடு. ஆண்டர்லெக்டை 10–0 என்று அடித்து நொறுக்கியது, டார்ட்மண்டை வென்றது, பில்பாவோவைத் திருப்பி அடித்தது எல்லாமே பங்காளி வீட்டு வெளிச்சத்தில்தான் நடந்தன.

1957 மார்ச் மாதம் ஓல்டு டிராஃபோர்டில் விளக்குக் கம்பங்கள் எழுந்தன. ஒரே மாதத்தில், ஏப்ரல் 25 அன்று, அந்த வெளிச்சத்தில் முதல் ஐரோப்பிய ஆட்டம். வந்தது ரியல் மாட்ரிட்.

அப்போது அந்த அணி இருந்த இருப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் ஐரோப்பியக் கோப்பையை 1956-இல் பாரிஸில் வென்றவர்கள். இறுதி ஆட்டத்தில் தங்களை மிரட்டிய ரேம்ஸ் அணியிலிருந்து ரேமோன் கோப்பாவையே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இடது ஓரத்தில் ஃபிரான்சிஸ்கோ ஹென்டோ, ஓட ஆரம்பித்தால் பந்து பின்னால் வரும். நடுவில் அர்ஜென்டினாக்காரர் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ. இரண்டு வாரத்துக்கு முன் மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் 3–1 என்று அவர்கள் ஜெயித்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் இடம் கிடைக்காமல் மேலே உட்கார்ந்து பார்த்த ஒரு 19 வயது யுனைடெட் பையன், டி ஸ்டெஃபனோவைப் பார்த்து மிரண்டு போனதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த ஆள் கோல்கீப்பரிடமே போய்ப் பந்தை வாங்குகிறார், பின்வரிசைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டுகிறார், கொஞ்ச நேரத்தில் பார்த்தால் எதிர்ப் பக்கம் கோல் போஸ்ட் அருகில் நிற்கிறார், யார் இவர் என்பது அந்தப் பையனின் திகைப்பு. பையன் பெயர் பாபி சார்ல்டன்.

மான்செஸ்டரில் நடந்த மறு ஆட்டத்தில் சார்ல்டனுக்கு இடம் கிடைத்தது. 60 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம். பாதியாட்டத்துக்குள் மாட்ரிட்டின் கோப்பா ஒன்று, ரியால் ஒன்று போட்டு, நெருப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். பிற்பாதியில் டாமி டெய்லர் ஒன்று திருப்பினார். கடைசியில் சார்ல்டன் இன்னொன்று. 2–2. மொத்தக் கணக்கில் மாட்ரிட் மேலே போனது, கோப்பையையும் எடுத்தது. அன்றைய கூட்டம் வீட்டுக்கு எடுத்துப் போனது ஒரு ஆறுதல்: நம் பையன்களுக்கு வயது இருக்கிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்பதைக் கால்பந்து பார்க்காதவர்கள்கூட அறிவார்கள். 1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், ம்யூனிக் விமான நிலையத்தில், உருகிய பனி கிடந்த ஓடுபாதையில், மூன்றாவது முயற்சியில் விமானம் மேலெழாமல் போய் மோதியது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் யுனைடெட் வீரர்கள்.

நான் அந்த 1957 ஏப்ரல் 25 அணிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினோரு பேர். ரோஜர் பைர்ன், எடி கோல்மன், டங்கன் எட்வர்ட்ஸ், லியாம் வீலன், டாமி டெய்லர், டேவிட் பெக், ஆறு பேர் இறந்துபோனார்கள். ஜாக்கி பிளாஞ்ச்ஃப்ளவரும் ஜானி பெரியும் பிழைத்தார்கள், ஆனால் மறுபடி ஆடவே இல்லை. மீதி ரே வுட், பில் ஃபோக்ஸ், சார்ல்டன். மாட்ரிட்டுக்கு எதிராக அந்த வெளிச்சத்தில் ஓடிய பதினோரு பேரில் பந்தைத் தொட மிஞ்சியது மூன்று பேர்.

இங்கேதான் கொடுக்கல் வாங்கல் ஆரம்பிக்கிறது.

விபத்துக்குப் பிறகு யுனைடெட்டை அடுத்த ஐரோப்பியக் கோப்பைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. இங்கிலாந்து நிர்வாகிகள் விடவில்லை, நீங்கள் சாம்பியன் இல்லையே என்று சட்டம் பேசினார்கள். பஸ்பி, உயிர் பிழைத்து எழுந்து வந்தவர், புதுப் பையன்களை வைத்து அணியைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் பெரிய அணிகளோடு மோதினால்தான் அவர்கள் தேறுவார்கள். மோத வழி இல்லை. மாட்ரிட் கிளப்பின் தலைவர் சாந்தியாகோ பெர்னபெயூவிடம் கேட்டார், நட்பு ஆட்டம் ஆட வருகிறீர்களா என்று. அந்த நாளில் ரியல் மாட்ரிட்டைக் கூப்பிடுவது நாதஸ்வரச் சக்கரவர்த்தி ஒருவரைக் கச்சேரிக்குக் கூப்பிடுவது போல, கூலி கேட்டால் தலை சுற்றும். பெர்னபெயூ தொகையைக் குறைத்துக்கொண்டார். அணியைக் குறைக்கவில்லை.

1959 அக்டோபர் 1. ஓல்டு டிராஃபோர்டு மறுபடி நிரம்பி வழிந்தது. இந்த முறை டி ஸ்டெஃபனோ, ஹென்டோவோடு இன்னொரு ஆளும் வந்திருந்தார்: ஃபெரென்ஸ் புஷ்காஷ். ஆறு வருஷத்துக்கு முன் வெம்ப்லியில் ஹங்கேரிக்காக ஆடி இங்கிலாந்தை 6–3 என்று தலைகுனிய வைத்தவர். 1956 புரட்சிக்குப் பிறகு ஊர் திரும்பாமல், தடை வாங்கி, வயிறு பெருத்து, இனிமேல் இந்த ஆள் எங்கே என்று எல்லோரும் கைகழுவிய பிறகு 31 வயதில் மாட்ரிட்டில் சேர்ந்தவர்.

முடிவு: மாட்ரிட் 6, யுனைடெட் 1.

சொந்த மைதானத்தில் ஆறு வாங்கிய ராத்திரியைப் பொதுவாக யாரும் பேரனுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மான்செஸ்டரில் அதைச் சொன்னார்கள். அப்பாவோடு கேலரியில் நின்று டி ஸ்டெஃபனோவைப் பார்த்தேன், புஷ்காஷின் இடது காலைப் பார்த்தேன் என்பது அந்தத் தலைமுறைக்கு ஒரு சொத்து மாதிரி. எனக்குப் பிடிபடும் காரணம் எளிமையானது. அந்த ஆட்டத்தில் புள்ளி கிடையாது, கோப்பை கிடையாது. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் ஒப்புக்கு நின்றுவிட்டுப் போகாமல், தங்கள் முழு வித்தையையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரக்கப்பட்டு 1–1 என்று முடித்திருந்தால் அது மறந்திருக்கும். பஸ்பி தன் பையன்களுக்காகக் கேட்டது இதைத்தான். அடுத்தடுத்த வருஷங்களிலும் இரு அணிகளும் இப்படி மோதிக்கொண்டன. 1961 டிசம்பரில் அதே மைதானத்தில் யுனைடெட் 3–1 என்று ஜெயித்தது. 1962-இல் மாட்ரிட்டுக்கே போய் 2–0.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். டி ஸ்டெஃபனோவுக்கும் புஷ்காஷுக்கும் ஓல்டு டிராஃபோர்டு எழுந்து நின்றிருந்தாலும் அது தனி ஆளுக்கான கைத்தட்டலாக இருந்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே வீரரை மாற்றும் வழக்கமே இல்லை. இங்கிலாந்து லீகில் மாற்று ஆட்டக்காரருக்கு அனுமதி வந்தது 1965–66 பருவத்தில்தான், அதுவும் ஒரே ஒரு ஆள், காயம் பட்டால் மட்டும். அதுவரை விசில் ஊதும்வரை எல்லோரும் உள்ளே. பிறகு இருபத்திரண்டு பேரும் கும்பலாகச் சேற்றோடு உள்ளே போய்விடுவார்கள். யாருக்குத் தட்டுவது? ஆட்டம் நின்றுபோய், ஒரு மனிதர் மட்டும் பச்சைப் புல்லைக் கடந்து தனியாக நடந்து வருவதும், ஐம்பது அறுபதாயிரம் பேர் அவரை மட்டும் பார்ப்பதும் விதிப் புத்தகத்தில் செய்த ஒரு திருத்தம் கொடுத்த வாய்ப்பு. நாம் ரசிகர் மனம், ரசிகர் பண்பு என்று பேசுகிறோம். பாதிப் பெருமை அந்த எண் எழுதிய பலகைக்குப் போக வேண்டும்.

வெள்ளைச் சட்டையின் மேல் வந்த மரியாதை மான்செஸ்டரோடு நிற்கவில்லை. 1960 மே 18, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். மாட்ரிட் 7, ஃபிராங்க்ஃபர்ட் 3. புஷ்காஷ் நாலு, டி ஸ்டெஃபனோ மூன்று. 1,27,621 பேர் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்தும் கலையாமல் நின்று தட்டினார்கள். அந்த ஃபிராங்க்ஃபர்ட் அணிதான் அரையிறுதியில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 12–4 என்று புரட்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டம் என்ன கணக்குப் போட்டிருக்கும் என்பது புரியும். கூட்டத்தில் 18 வயது ஸ்காட்லாந்துப் பையன் ஒருவர் இருந்தார். அலெக்ஸ் ஃபெர்குசன். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1968-ஐ வேகமாகக் கடந்துவிடலாம், அது யுனைடெட்டின் முறை. அரையிறுதியில் ஓல்டு டிராஃபோர்டில் ஜார்ஜ் பெஸ்ட் அடித்த ஒரே கோல், பிறகு மாட்ரிட்டில் 3–3. மாட்ரிட்டில் கடைசிக் கோலை அடித்தவர் பில் ஃபோக்ஸ், அந்த மூன்று பேரில் ஒருவர், முன்னால் வந்து கோல் போடும் வழக்கமே இல்லாத பின்வரிசைக்காரர். எதிரே வெள்ளைச் சட்டையில் இன்னமும் ஹென்டோ இருந்தார், 1957-இல் ஓடிய அதே இடது ஓரத்தில். அந்த வருஷக் கோப்பை மான்செஸ்டருக்கு வந்தது.

அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் அந்த வெள்ளைச் சட்டை ஐரோப்பிய ஆட்டத்துக்காக ஓல்டு டிராஃபோர்டு பக்கம் வரவில்லை. வந்தது 2000 ஏப்ரல் 19 அன்று, சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியிருந்த அதே ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதிக்கு. யுனைடெட் அப்போது நடப்புச் சாம்பியன், மேனேஜர் நம் ஹாம்ப்டன் பார்க் பையன். முதல் ஆட்டம் மாட்ரிட்டில் 0–0. இங்கே யுனைடெட் கேப்டன் ராய் கீன் காலில் பட்டு ஒரு சேம் சைடு கோல், பிறகு ராவுல் ஒன்று. அப்புறம் 52-ஆவது நிமிடத்தில் ஃபெர்னாண்டோ ரெடோண்டோ.

ரெடோண்டோ மாட்ரிட்டின் நடுக்களத்தில் நின்று பந்தைப் பங்கிட்டுக் கொடுப்பவர். ஓரத்தில் ஓடுவது அவர் வேலையில்லை. அன்று இடது ஓரத்தில் பந்தோடு மாட்டிக்கொண்டார். பின்னால் யுனைடெட்டின் ஹென்னிங் பெர்க், முதுகை அணைத்தாற்போல் நிற்கிறார். எல்லைக்கோட்டுக்கும் பெர்க்குக்கும் நடுவே இடமே இல்லை. ரெடோண்டோ பந்தைக் குதிகாலால் பின்னுக்குத் தட்டி பெர்க்கைத் தாண்டவிட்டார், தான் மறுபக்கமாகச் சுற்றி ஓடி, பந்து வெளியே போகும் முன்னால் போய்ப் பிடித்தார், நிமிர்ந்து பார்த்து ராவுலுக்கு உருட்டினார். ஆளில்லாத கோல். 0–3. பெக்கமும் ஸ்கோல்ஸும் இரண்டு திருப்பினார்கள், போதவில்லை.

கோலை அடித்தவர் ராவுல். ஆனால் பழைய யுனைடெட் ரசிகர்கள் இன்றும் பேசுவது அந்தக் குதிகாலைப் பற்றித்தான். இருந்தும் எழுந்து நின்று தட்டும் ராத்திரியாக அது அமையவில்லை. கோப்பை கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது, நேரம் இன்னும் இருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயத்தில் இருக்கும் கூட்டத்துக்குக் கை வராது. ரெடோண்டோவுக்கு இன்னொரு வாய்ப்பும் வரவில்லை. அந்தக் கோடையிலேயே மாட்ரிட் அவரை மிலானுக்கு விற்றது. அங்கே முழங்கால் போய்விட்டது. ஆடாத காலத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்று அவரே சொன்னார். 2004-இல் ஓய்வு. அவருக்குச் சேர வேண்டிய கைத்தட்டல் பாக்கியாகவே நின்றுவிட்டது. மூன்று வருஷம் கழித்து வந்தவருக்கு வட்டியோடு போய்ச் சேர்ந்ததோ என்று சில சமயம் தோன்றும். இது என் கற்பனை, ஆதாரம் கேட்காதீர்கள்.

இப்போது 2003.

முதல் ஆட்டம் மாட்ரிட்டில், 3–1, மாட்ரிட் கை ஓங்கியிருந்தது. யுனைடெட்டுக்கு மறு ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு ஒன்றும் வாங்காமல் இருந்தால் போதும். வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போது இருந்தது. மாட்ரிட் பக்கம் ராவுல் இல்லை, குடல்வால் அறுவை சிகிச்சை. நல்ல வாய்ப்பு. ஆனால் ஃபெர்குசன் ஒரு காரியம் செய்திருந்தார். டேவிட் பெக்கமை வெளியே உட்கார வைத்துவிட்டு, காயத்திலிருந்து திரும்பிய வெரோனை இறக்கினார். பெக்கமுக்கும் அவருக்கும் அந்த வருஷம் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

ரொனால்டோவைப் பற்றியும் ஊரறிந்த செய்திகள் இருந்தன. 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது வலது முழங்கால் கிழிந்தது. ஐந்து மாதம் கழித்து ரோமில் திரும்பி வந்தார். களத்தில் இருந்தது சில நிமிடம்தான், யாரும் தொடாமலே அதே முழங்கால் மறுபடி போனது. அதைத் திரும்பப் பார்க்க எனக்கு இன்றும் மனம் வராது. முடிந்தது என்றார்கள். 2002 உலகக் கோப்பையில் எட்டுக் கோல் போட்டார், இறுதி ஆட்டத்தில் இரண்டு. அதன் பிறகுதான் மாட்ரிட். பழைய வேகத்தில் பாதி போயிருக்கும் என்றார்கள். ஓடுவதில்லை, நிற்கிறார் என்றார்கள். நிற்பார், உண்மைதான். பன்னிரண்டாவது நிமிடம் வரைக்கும் நின்றார்.

மாட்ரிட்டின் நடுக்களக்காரர் குட்டி, ஒரு பந்தை நடுவே பிளந்து கொடுத்தார். ரொனால்டோ, யுனைடெட் பின்வரிசைக்காரர் ஃபெர்டினாண்டுக்கு முன்னால் புகுந்து, நிறுத்தாமல், நிமிராமல் அடித்தார். கோல்கீப்பர் ஃபேபியன் பார்தேஸ் பக்கத்திலிருந்த போஸ்ட் ஓரமாகவே போய் விழுந்தது. அந்தப் பக்கம் கோல்கீப்பருடைய சொத்து, அங்கே வாங்கக் கூடாது. 1998-இல் பாரிஸில், உடம்பு முடியாமல் நடைபிணமாக ரொனால்டோ ஆடிய அந்த உலகக் கோப்பை இறுதியில் எதிரே நின்ற கோல்கீப்பரும் இதே பார்தேஸ்தான்.

பாதியாட்டத்துக்குச் சற்று முன் யுனைடெட்டின் வான் நிஸ்டல்ராய் ஒன்று திருப்பினார். 50-ஆவது நிமிடத்தில் ஸிடேன், ராபர்டோ கார்லோஸ் என்று பந்து பின்னிக்கொண்டு வந்தது, ரொனால்டோ ஆளில்லாத வலைக்குள் தள்ளினார். இரண்டு நிமிடத்தில் மாட்ரிட்டின் எல்கேரா ஒரு சேம் சைடு கோல் போட்டுக் கொடுத்தார், 2–2. கூட்டத்துக்கு மறுபடி ஆசை. 59-ஆவது நிமிடத்தில் நடுக்களத்தில் ரொனால்டோ பந்தை வாங்கினார். எதிரே இரண்டு மூன்று சிவப்புச் சட்டைகள், ஆனால் யாரும் கிட்டே போகவில்லை. போனால் தாண்டிவிடுவார், போகாவிட்டால் அடித்துவிடுவார். போகவில்லை, அடித்துவிட்டார். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நல்ல தூரத்திலிருந்து. பார்தேஸின் கைக்கு மேலே போய், சட்டென்று இறங்கி, வலை.

எட்டு நிமிடம் கழித்துத்தான் பலகை உயர்ந்தது.

அந்த நேரத்து நிலவரத்தைப் பாருங்கள். அன்றைய ஆட்டத்தில் 2–3. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3–6. வெளியூர்க் கோல் விதிப்படி யுனைடெட் மேலே போக மீதி 23 நிமிடத்தில் நாலு கோல் வேண்டும். கதை முடிந்தது என்று கேலரியில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பயமில்லை, ஆகவே கைகள் சும்மா இருந்தன. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது, அந்தக் கைத்தட்டலை நான் மட்டம் தட்டுகிறேனாம். இல்லை. முடிந்துபோன ஆட்டத்தில் கூட்டம் செய்யக்கூடிய காரியங்கள் பல இருக்கின்றன. எழுந்து வீட்டுக்குப் போகலாம். பெக்கமை ஏன் உட்கார வைத்தாய் என்று கத்தலாம். பாட்டில் எறியும் ஊர்களும் உண்டு. இவர்கள் தட்டினார்கள்.

என் கணக்கை உதைக்கும் சாட்சி ஒன்று நம் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1999 ஜனவரி 31. ஆட்டம் வேறு, கிரிக்கெட். சச்சின் 136 அடித்தும், பாகிஸ்தானிடம் வெறும் 12 ரன்னில் தோற்றோம். அங்கே பயம் ஆறிப்போக நேரமே இருக்கவில்லை. கண்ணீர் காயுமுன்னே, சேப்பாக்கம் எழுந்து நின்று தட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்துவிட்டுப் போனபோதும் தட்டிய ஊர். ஆக, முழுக்கத் தோற்ற பிறகு வரும் கைத்தட்டல் ஒரு ஜாதி, மயிரிழையில் தோற்ற மறுநிமிடம் வருவது இன்னொரு ஜாதி. இரண்டாவதுதான் உசத்தி என்று நான் சொன்னால் ஊர்ப் பாசம் என்பீர்கள். சொல்லிவிட்டேன்.

ஓல்டு டிராஃபோர்டுக்குத் திரும்புவோம். ரொனால்டோ கையை உயர்த்தித் தானும் திருப்பித் தட்டினார். அவருக்குப் பதிலாகச் சோலாரி உள்ளே போனார். அதற்கு நாலு நிமிடம் முன்பாகவே பெக்கமும் உள்ளே வந்திருந்தார். கோபம் எல்லாம் வலது காலில் இறங்கியிருந்தது. 71-இல் ஒரு ஃப்ரீகிக், மேல் மூலையில். 85-இல் இன்னொரு கோல். 4–3. யுனைடெட் ஆட்டத்தை ஜெயித்தது! ஹாட்ரிக் வாங்கிய அணி ஜெயித்து, ஹாட்ரிக் அடித்த அணி தோற்று, ஆனால் தோற்ற அணி அடுத்த சுற்றுக்குப் போன அபூர்வமான ராத்திரி அது. மொத்தக் கணக்கில் 6–5. பெக்கம் அந்தக் கோடையிலேயே வெள்ளைச் சட்டைக்கு மாறிப் போய்விட்டார். அன்றைக்குக் கூட்டம் ஒரு விருந்தாளிக்குத் தட்டியது. பக்கத்திலேயே கிளம்பத் தயாராக நின்ற வீட்டுப் பிள்ளையை யாரும் அப்போது அப்படிப் பார்க்கவில்லை.

போட்டியிலிருந்த 22 பேரையும் தாண்டி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் அந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கித்தான் ஒரு கால்பந்து கிளப் வாங்க முடிவு செய்தார் என்று சொல்வார்கள். சில மாதத்தில் அவர் செல்சியை வாங்கியது உண்மை. மயங்கியது எந்த ஆட்டத்தில் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பத்து வருஷம் கழித்து, 2013 மார்ச் 5, அதே வெள்ளைச் சட்டையில் இன்னொரு ரொனால்டோ வந்தார். போர்ச்சுகல்காரர் கிறிஸ்டியானோ, 2009 வரை இங்கே ஆடியவர். ஒலிபெருக்கியில் அவர் பெயர் வந்ததும் மைதானம் அதிர்ந்தது. அவர் கோல் போட்டார், கொண்டாடாமல் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது போல் நின்றார். மாட்ரிட் 2–1. நெகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆரத்தி எடுப்பது வழக்கம், அதை விருந்தாளிக் கணக்கில் சேர்க்க முடியாது.

2003-க்கே ஒரு வால் இருக்கிறது. அந்த வருஷத்துச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டியே குறித்து வைத்திருந்த இடம் எது தெரியுமா? ஓல்டு டிராஃபோர்டுதான். அரையிறுதியில் யுவென்டஸைத் தாண்டியிருந்தால் ரொனால்டோ அடுத்த மாதமே அதே புல்லில், அதே ஸ்டாண்டுகளுக்கு முன்னால் மறுபடி இறங்கியிருப்பார். முதல் ஆட்டத்தில் மாட்ரிட் 2–1, அதில் ஒரு கோல் அவருடையது, ஆனால் காயத்தோடு வெளியே வந்தார். இத்தாலியில் 1–3. மே 28 அன்று மான்செஸ்டரில் இறங்கியவை யுவென்டஸும் மிலானும். 120 நிமிடத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டியில் மிலான் எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தையும் சத்தம் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் மாட்ரிட்டுக்கே போவோம். 2005 நவம்பர் 19, பெர்னபெயூ மைதானம். இந்த முறை எழுந்து நிற்க வேண்டியவர்கள் வெள்ளைச் சட்டைக்காரர்கள். எதிரே பார்சிலோனாவின் ரொனால்டினியோ.

(தொடரும்)